புட்குழியின் நீரும் ஏறும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருவழியில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. இவ்வூர்ப் பெருமானைத் திருமங்கையாழ்வார் இரண்டிடங்களில் பாடியுள்ளார். தனிப்பதிகம் இல்லை, ஒவ்வோரிடத்தும் ஒரு சில சொற்களே. ஆதலின் தலவரலாறு எழுதுவோர் 'மங்களாசாசனம் 2' என்று எண்ணிட்டு அமைந்துவிடுகின்றனர். ஆயின் அவ்விரண்டு இடங்களும் பெண்ணின் காதல் வேட்கையைப் பாடும் அகத்துறைகளில் அமைந்தவை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஊர்ப்பெயர் ஆங்கே பட்டியலின் உறுப்பா, பாட்டின் உறுப்பா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிடம் பெரிய திருமொழி 2-ஆம் பத்து, 7-ஆம் திருமொழி, 8-ஆம் பாட்டு. இத்திருமொழி கடற்கரைத் தலமாகிய திருவிடவெந்தைக்கு உரியது. தாய் கூற்றாக அமைந்தது. மகளின் நிலையைத் தாய் இடவெந்தைப் பெருமானிடம் எடுத்துரைக்கிறாள். ஆயன் வாய்வைத்து ஊதும் ஆம்பலுக்கு உள்ளம் அழிகிறது என்கிறாளாம் மகள். வயல்வளமும் மோதும் நீரும் உடைய புட்குழியைப் பாடுகிறாளாம். நீர்மலைக்குப் போவோமா என்கிறாளாம். கொல்லிப்பாவை போன்றவளும் மழைக்கண்ணினளுமாகிய இவளைப் பற்றி நீ நினைத்திருப்பது யாது என்று தாய் வினவுவதோடு பாட்டு முடிகிறது.

இதனுள் இயற்கை புறத்தே நிற்கும் அணி அன்று. ஆம்பல் ஈண்டுக் குழலைக் குறிப்பினும் அச்சொல் நீர்ப்பூ ஒன்றன் பெயருமாகும். அடுத்து வருவது புட்குழியின் நீர். அதனை அடுத்தது பெயரிலேயே நீரைத் தாங்கிய மலை. இறுதியில் மழைக்கண். மழைக்கண் என்பதற்குக் குளிர்ந்த கண் எனப் பொருள் கூறுதல் மரபு, அது பொருந்துவதே. எனினும் மூன்று நீர்களுக்குப் பின் வரும் மழை, கண்ணீரையும் நினைப்பியாது போகுமோ? செவியில் தொடங்கிய வேட்கை ஊர்களின் வழியாக ஓடிக் கண்ணில் வந்து நிற்கிறது. புட்குழி இவ்வோட்டத்தின் நடுவிடம். அதனை நீக்கின் ஆம்பலுக்கும் நீர்மலைக்கும் இடையே தொடர்பு அறும்.

திணை நோக்கிலும் இது உறுதிப்படும். ஆயன் குழல் முல்லைக்கு உரியது, வயலும் நீரும் மருதம், கொல்லி குறிஞ்சி, இடவெந்தை நெய்தல். 'போவோமா' என்னும் வினாவில் உடன்போக்கின் சாயலால் பாலையும் தோன்றுகிறது; ஆனால் உடன் செல்லத் தலைவன் இல்லை. ஒரு பாட்டில் ஐந்திணையும் நெருங்கி மயங்குவது அவள் மனமயக்கத்திற்கு ஏற்றதே. இதனைத் திணைக்கலப்பு என்னும் குறையாகக் கொள்வது பொருந்தாது.

அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. இவள் ஊரைச் சொல்கிறாள். ஊரே காதலன் பெயராகிவிடுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியில் பதினான்கடிச் 'சானட்டு' பாடிய பெத்ரார்க்காவும் பெயருக்குள் இயற்கையை வைத்தவரே. லவுரா என்னும் காதலியின் பெயரில் புலவர் சூடும் லாரல் மரத்தையும் இளங்காற்றையும் ஒலிப்பித்தார். ஆயினும் ஆங்கு ஏங்குபவன் ஆடவன். பெயர் ஓர் ஆளின் பெயர். ஈண்டு ஏங்குபவள் பெண். பெயர் நிலத்தின் பெயர். 8-ஆம் நூற்றாண்டுத் தொண்டைநாட்டுப் பாட்டிற்கு வலிமை தருவது இந்நிலப்பெயரே.

இரண்டாமிடம் பெரிய திருமடல். ஆங்குத் தலைவி தானே பேசுகிறாள். மடலூர்வேன் என்று அச்சுறுத்துகிறாள். மகளிர் மடலேறுதல் தமிழ்நெறி அன்று. அதனை அறிந்தே வடநெறியை வேண்டுவதாக அவள் கூறுகிறாள். இச்சினத்தினிடையே புட்குழிப் பெருமான் போர் செய்யும் ஏறாக வருகிறான். தாயின் வாய்மொழியில் நீராக இருந்த ஊர், மடலூரத் துணிந்தவள் வாயில் ஏறாக நிற்கிறது. ஊர் ஒன்றே; வேட்கையின் நிலை வேறு; அதனால் இயற்கையும் வேறாயிற்று. பட்டியலுக்கு இவ்வேறுபாடு வேண்டியதில்லை.

ஆயினும் இரண்டிடத்தையும் ஒரு சொல் இணைக்கிறது. புட்குழியின் நீரைப் பொருகின்ற நீராகவே ஆழ்வார் காண்கிறார், ஏறும் போரேறு. பொருதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. புட்குழி என்னும் பெயரைப் புள், குழி எனப் பிரித்து, இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் செய்த இடம் என்பது தலமரபு. கோயிற் குளமும் சடாயு தீர்த்தம் எனப்படுகிறது. ஆழ்வார் இவ்விரண்டிடத்தும் அப்புள்ளை வெளிப்படக் கூறவில்லை. காதற்பாட்டில் இறந்த பறவைக்கு இடமின்மை கருதி அதனை நீக்கி, அதன் போரை மட்டும் ஒருகால் நீருக்கும் ஒருகால் ஏற்றுக்கும் கொடுத்தார் என்பது யாம் உய்த்துணர்வது. நீர்மலை, கடல்மல்லை முதலிய பெயர்கள் ஆழ்வாரின் ஏனைய தாய்ப்பாசுரங்களிலும் மகள் பாசுரங்களிலும் எவ்வெவ்வாறு உருமாறுகின்றன என்பதை இம்முறையில் ஒப்பிட்டுக் காணும் பணி முதுகலை மாணாக்கர் கைக்கொள்ளத்தக்கது.