மடிக்கணினிக்குப் பொருத்தமான எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை இயக்ககம், சுழலும் தட்டுகள் இல்லாமல் பிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம் ஆகும். வன்தட்டில் இயங்கும் பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால், இயங்குதளம் தொடங்கும் நேரமும் செயலிகள் திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். ஆனால் எல்லா எஸ்எஸ்டியும் எல்லா மடிக்கணினியிலும் இயங்காது. வடிவம், இணைப்பான், தரவுப் பரிமாற்ற முறை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். செருகுவாயில் கச்சிதமாகப் பொருந்திய எஸ்எஸ்டியைக்கூடக் கணினி அடையாளம் காணாமல் போகலாம். பொருந்துவது வேறு, இயங்குவது வேறு.

வடிவங்கள்

2.5 அங்குல எஸ்எஸ்டி, மடிக்கணினி வன்தட்டின் அதே நீள அகலம் கொண்டது. இது சாட்டா இணைப்பில் இயங்குகிறது. இவ்வகை எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் தடிமன் உடையவை. 9.5 மில்லிமீட்டர் வன்தட்டு இருந்த இடத்தில் பொருத்தும்போது ஆடாமல் இருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம்.

எம்சாட்டா என்பது 2010களின் முற்பகுதியில் வந்த சில மடிக்கணினிகளில் காணப்படும் சிறிய அட்டை வடிவம். இதை எம்.2 செருகுவாயில் பொருத்த முடியாது.

எம்.2 என்பது இன்று பரவலாக உள்ள மெல்லிய அட்டை வடிவம். இதன் அளவு 2280, 2242, 2230 போன்ற எண்களால் குறிக்கப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் அகலத்தையும், அடுத்தவை நீளத்தையும் மில்லிமீட்டரில் காட்டும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மிக மெல்லிய மடிக்கணினிகளில் ஒரு பக்கம் மட்டும் சில்லுகள் உள்ள அட்டையே அடங்கும்.

எம்.2 அட்டைகளில் உள்ள வேறுபாடு

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. ஒரே தோற்றமுள்ள இரண்டு அட்டைகளில் ஒன்று சாட்டா முறையிலும், மற்றொன்று பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் செல்லும் என்விஎம்இ முறையிலும் இயங்கலாம். சாட்டாவின் நடைமுறை வேக உச்சம் நொடிக்குச் சுமார் 550 மெகாபைட். நான்கு தடங்கள் கொண்ட மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500 மெகாபைட்டையும், நான்காம் தலைமுறை சுமார் 7,000 மெகாபைட்டையும் எட்டும்.

அட்டையின் தொடுமுனைகளுக்கு இடையே உள்ள வெட்டு ஓர் அடையாளம். எம் வெட்டு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் என்விஎம்இ. பி, எம் என இரு வெட்டுகளும் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரு வெட்டுடைய என்விஎம்இ அட்டைகளும் சில உள்ளன என்பதால் வெட்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. சாட்டா மட்டும் ஏற்கும் செருகுவாயில் என்விஎம்இ அட்டை இயங்காது. என்விஎம்இ மட்டும் ஏற்கும் செருகுவாயில் சாட்டா அட்டை இயங்காது. வைஃபை அட்டைக்கான எம்.2 செருகுவாய் வேறு வெட்டு உடையது. அதில் இவை நுழையாது.

தலைமுறை வேறுபாடு இந்த அளவுக்குச் சிக்கல் தருவதில்லை. நான்காம் தலைமுறை அட்டை மூன்றாம் தலைமுறை செருகுவாயில் குறைந்த வேகத்தில் இயங்கும்.

மடிக்கணினியைச் சரிபார்த்தல்

மாதிரியின் முழுப் பெயரைக் கணினியின் அடிப்புற ஒட்டியில் பார்த்து, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் சேமிப்பகப் பகுதியைப் படிப்பதே நம்பகமான வழி. ஒரே தொடரிலேயே செருகுவாய்கள் மாறுபடலாம். இயன்றால் அடிமூடியைத் திறந்து, இருக்கும் இயக்ககத்தின் மேல் அச்சிடப்பட்ட விவரத்தைப் பார்ப்பது நல்லது.

சில கணினிகளில் மாற்றவே இயலாது. மலிவு மடிக்கணினிகள் சிலவற்றில் உள்ள இஎம்எம்சி நினைவகம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டது. ஆப்பிள் சிலிக்கான் சில்லு கொண்ட மேக்புக்குகளிலும் சேமிப்பகம் அவ்வாறே உள்ளது.

லெனோவோ 2012இல் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்230 ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இதில் எம்.2 செருகுவாய் கிடையாது. 2.5 அங்குல இடம் 7 மில்லிமீட்டர் தடிமனை மட்டுமே ஏற்கும். அது நொடிக்கு 6 கிகாபிட் வேகமுடையது. எம்சாட்டா செருகுவாயோ 3 கிகாபிட் வேகமுடையது. எனவே முதன்மை இயக்ககமாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே ஏற்றது. இதற்கு என்விஎம்இ வாங்கினால் பணம் வீண்.

வேகமும் ஆயுளும்

வன்தட்டில் தரவு உள்ள இடத்தை அடைய பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகலாம். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவே போதும். அன்றாடப் பயன்பாட்டில் தெரியும் மாற்றம் இதனால் வருவது. ஆகவே சாட்டா மட்டுமே உள்ள கணினிக்கும் மேம்பாடு பயனுள்ளது.

எழுதும் ஆயுளை டிபிடபிள்யூ என்ற அளவு காட்டும். சாம்சங் 870 எவோ 1 டெராபைட் மாதிரிக்கு இது 600 டெராபைட். கலம் ஒன்றில் நான்கு பிட் சேமிக்கும் 870 கியூவோவுக்கு 360 டெராபைட். வீட்டுப் பயன்பாட்டுக்கு இரண்டுமே தாராளம்.

தரவை மாற்றுதல்

பழைய இயக்ககத்தை அப்படியே நகலெடுக்கலாம், அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். எதுவானாலும் முக்கியக் கோப்புகளை முதலில் வேறொரு சாதனத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். நகலெடுக்க யுஎஸ்பி உறை தேவை. என்விஎம்இக்கு மட்டுமான உறை, சாட்டா எம்.2 அட்டையை அறியாது.

விண்டோஸில் பிட்லாக்கர் குறியாக்கம் பயனர் அறியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் தரவு நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடக்கூடும். இன்டெல் பதினோராம் தலைமுறை முதலான சில கணினிகளில், விண்டோஸ் நிறுவியில் எஸ்எஸ்டி தென்படாமல் போகும். அது பெரும்பாலும் பழுது அன்று. விஎம்டி இயக்கி மென்பொருளை ஏற்றினால் தென்படும்.

பொருத்துவதற்கு முன் மின்னிணைப்பை நீக்கி, உள்ளிருக்கும் மின்கல இணைப்பையும் கழற்ற வேண்டும். எம்.2 அட்டையைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி, முனைத் திருகை முடுக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டியிலிருந்து கணினி தனியாகத் தொடங்குவதையும், கோப்புகள் திறப்பதையும் உறுதி செய்யும்வரை பழைய இயக்ககத்தை அழிக்கக் கூடாது.