நெஞ்சுக்குள் ஒரு முகத்துவாரம்

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பார்கள் மட்டக்களப்பார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதும் இதே வேலைதான். ‘லப்-டப்’ ஒலிகளுக்கு நடுவே மௌனம் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மெஷின் ஓடுவதுபோல ஓயாத இரைச்சல் கேட்டால்? நேற்றுவரை வலை இழுத்த இளைஞனுக்கு இன்று மூச்சு வாங்கினால்?

பெருநாடி இதயத்தை விட்டுப் புறப்படும் அடிவாரத்தில், வால்வை ஒட்டி மூன்று சிறு குழிவுகள் உண்டு. அவற்றில் இரத்தம் சுழிப்பது வால்வு மூட உதவுகிறது என்பதை 1513 வாக்கிலேயே மாட்டிதயத்தை ஆராய்ந்து வரைந்து வைத்தார் லியொனார்டோ டா வின்சி. பெயர் என்னவோ பின்னால் வந்த இத்தாலிய மருத்துவர் வல்சல்வாவுக்குப் (1666–1723) போய்விட்டது. சுழியோடிகள் மூக்கைப் பொத்தி ஊதிக் காதடைப்பை எடுப்பார்களே, அந்த வித்தைக்கும் அவர் பெயர்தான்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழிவின் சுவர், வால்வின் வளையத்தோடு சரியாகப் பொருந்தியிருக்காது. ஒவ்வொரு துடிப்பும் அந்த இடத்தைத் தள்ளத் தள்ள, கையுறை விரல்போல அது பிதுங்கும். மிக அரிதான கோளாறு. ஆசியரிடமும் ஆண்களிடமும் சற்று அதிகம். வலி இல்லை, அறிகுறி இல்லை. ஒருநாள் பிய்யும்வரை பலருக்குத் தெரியவே தெரியாது.

மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது சின்னக் கால்தான், அகலமாக்குவது தண்ணீர். பிய்ந்த குழிவிலும் அப்படியே. பெருநாடியில் அழுத்தம் 120 மி.மீ. இரசம், அடுத்துள்ள வலது இதயவறையில் 25 அளவுதான். இதயம் ஓய்வெடுக்கும் கணத்திலும் இந்தப் பக்கம் 80, அந்தப் பக்கம் பூச்சியத்தை ஒட்டி. ஆகவே பாய்ச்சல் நிற்பதில்லை, இரைச்சலும் நிற்பதில்லை. உடம்புக்குப் போகவேண்டிய இரத்தம் நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போக, இதயம் களைத்துவிடுகிறது.

இளவயதில் மூச்சு வாங்கினால் தொய்வு என்றுதான் முதலில் தோன்றும். இந்நோயின் கள்ளத்தனம் அதுதான். எக்கோ ஸ்கான் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 1950களிலிருந்து நெஞ்சைத் திறந்து தைக்கிறார்கள். 1990களில் இன்னொரு வழி வந்தது: தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மடித்த குடைபோன்ற அடைப்பானை ஓட்டைக்குள் விரித்துவிடுவது. எல்லா ஓட்டைக்கும் அது பொருந்தாது. பொருந்தியவர்கள் நெஞ்சில் தழும்பில்லாமல் வீடு திரும்புகிறார்கள்.