வாவிக்கரையின் நத்தார் மரங்கள்

இலங்கையின் இயற்கைக் காடுகளில் ஊசியிலை மரம் என்று சொல்லத்தக்க இனம் ஒன்றுகூட இல்லை. நுவரெலியாவின் சைப்பிரஸ், மலைச்சரிவுகளின் பைன், பேராதனைப் பூங்காவில் வரிசைகட்டி நிற்கும் குக் பைன் ஆகிய யாவும் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவையே. போர்த்துக்கேயர் காலத்திலேயே கத்தோலிக்கம் வந்தடைந்த, மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்திறங்கிய மட்டக்களப்பில், நத்தாருக்கு மரம் வைத்து அலங்கரிக்கும் வழக்கம் பின்னாளில் பரவியபோது, அதற்குரிய மரத்தைக் கடற்கரை மணலிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்விடத்தை நிரப்பிய சவுக்கும் வந்தேறி மரந்தான். தாவரவியல் கணக்கில் அது பூக்கும் தாவரமேயன்றி ஊசியிலை மரமன்று.

சவுக்கில் ஊசிபோலத் தொங்குவது இலையன்று, கணுக்கணுவாக அமைந்த மெல்லிய சிறுகிளை. அதை இரு விரல்களால் பிடித்திழுத்தால் கணுவில் கழன்றுவிடும். கழன்ற இடத்தை உற்றுப் பார்த்தால் வட்டமாக ஆறு முதல் எட்டுவரையான நுண்ணிய பற்கள் தெரியும், அப்பற்களே அதன் இலைகள். இலையை இவ்வளவுக்குச் சுருக்கி உணவாக்கும் வேலையைத் தண்டிடம் விட்டதனால்தான், உப்புக்காற்றையும் கச்சான் வீசும் மாதங்களின் வறட்சியையும் அது தாங்குகிறது. வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால், சத்தற்ற மணலும் அதற்குப் போதுமானதாகிறது.

ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் நத்தார் மரப் பண்ணைகள் முற்றிலும் வேறு கணக்கில் நடப்பவை. வெட்டியபின் ஸ்புரூஸ் விரைவில் ஊசிகளை உதிர்த்துவிட, ஃபிர் வாரக்கணக்கில் பசுமை குன்றாமல் நிற்பதால், ஜோர்ஜிய மலைக்காடுகளில் சேகரித்த நோர்ட்மன் ஃபிர் விதையை டென்மார்க் விவசாயிகள் வாங்கி வளர்க்கின்றனர்; ஆறேழு அடி உயரம் எட்ட ஏழு முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கும். குளிர்கால உறக்கம் வாய்க்காவிட்டால் இவ்வினங்களின் மொட்டுகள் ஒழுங்காக விரிவதில்லை என்பதால், வெக்கை தணியாத கிழக்குக் கரையில் அவற்றை முயல்வது வீண்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை என்றும் வழங்கும். மாரி வெள்ளம் தேங்கும் வயல்மண் சவுக்குக்கு ஆகாது. எழுவான்கரை மணலே அதற்கேற்றது. பழுப்பேறத் தொடங்கிய காய்களைப் பறித்து வெயிலில் பரப்பினால், இரண்டு மூன்று நாளில் வெடித்துச் சிறகுள்ள நுண்விதைகளைக் கொட்டும். மணலோடு கலந்து மேடைப் பாத்தியில் தூவியதும் எறும்புகளிடமிருந்து அதைக் காப்பதுதான் பெரிய வேலை, ஏனெனில் கவனியாது விட்டால் அவை பாத்தி முழுவதையும் காலி செய்துவிடும். முளைத்த கன்றுகளைப் பொலித்தீன் பைகளுக்கு மாற்றும்போது முதிர்ந்த சவுக்கின் அடிமண்ணில் ஒரு பிடி சேர்ப்பதுண்டு. ஃபிராங்கியா அம்மண்ணோடு வந்து சேரும். ஐப்பசி மழையோடு நட்ட கன்று ஓரிரு ஆண்டுகளில் ஆளுயரம் தாண்டும். அடியோடு வெட்டினால் அது நன்றாகத் துளிர்ப்பதில்லை என்பதால், மரத்தை விட்டுவைத்துக் கிளையை மட்டும் கழிப்பதே சிக்கனம். வெட்டிய கிளை விரைவில் காயும். ஈரமணல் நிரப்பிய வாளியில் ஊன்றி, அன்றாடம் நீர் விட்டால் பண்டிகைவரை தாக்குப்பிடிக்கும்.

வகைகளை மாற்றிப் பார்க்க விரும்புவோர்க்கு வேறு வழிகளும் உண்டு. இந்தோனேசியாவைத் தாயகமாகக் கொண்ட ஜங்ஹுனியானா சவுக்கு வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதையும் கடற்கரைச் சவுக்கையும் கலந்து உருவாக்கிய கலப்பினங்களைக் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு வழங்கியுள்ளது. மெய்யான ஊசியிலை மரந்தான் வேண்டுமென்றால், தாழ்நிலத்திலும் வளரும் அரோகேரியாவைத் தொட்டியில் வளர்த்து ஆண்டுதோறும் அதையே அலங்கரிக்கலாம். அதில் ஒரு விசித்திரம் உண்டு: பக்கக் கிளையைப் பதியமிட்டால் அது வாழ்நாள் முழுதும் பக்கவாட்டிலேயே படரும், நடுக்குருத்தைப் பதியமிட்டால்தான் நிமிர்ந்த மரம் கிடைக்கும்.

2004ஆம் ஆண்டு, நத்தாருக்கு மறுநாள், சுனாமி மட்டக்களப்பின் கல்லடியையும் நாவலடியையும் அழித்தபின், கரையோரக் காப்பாகச் சவுக்கு நடுவது பல இடங்களில் ஊக்குவிக்கப்பட்டது. அந்த ஊக்கத்தில் ஓர் அவசரம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். உதிர்ந்த சருகு தடித்த விரிப்பாகப் படிந்து கீழே வேறு செடியை எழவிடாது. கடலை ஒட்டிய மணல்மேட்டில் நெருக்கி நட்டால் ஆமைகள் முட்டையிடும் இடமும் குறுகும். அந்த முன்வரிசையை அடம்பனுக்கும் இராவணன் மீசைக்கும் தாழைக்கும் விட்டுவிட்டு, சவுக்கைத் தென்னந்தோட்ட வேலியோரங்களில் நடுவதே தகும். அங்கே கழித்த கிளை நத்தாருக்கும், நேரான தடி மீன் வாடிக்கும், மிச்சம் அடுப்புக்கும் போகும்.