வாட்டுத் தொட்டியிற் குளிர்காற்று வீசுவது ஏன்?

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மழைக்காலத்திற் கொழுந்து நனைந்தே வந்து சேரும். அக்காலத்தில் அடுப்பின் சூடான காற்றைக் குழாய்வழி இழுத்து, வெளிக்காற்றோடு கலந்து, விசிறியால் வாட்டுத் தொட்டிகளுட் செலுத்துவர். அடுப்பு நன்றாக எரிந்தும் தொட்டியிற் குளிர்காற்றே வருகின்றது என்னும் முறைப்பாடு அடிக்கடி எழுகின்றது.

கொழுந்தின்மேற் கையை வைத்துப் பார்த்து முடிவுசெய்தல் கூடாது. ஈரக் கொழுந்தினூடே செல்லுங் காற்று, நீரை ஆவியாக்குவதில் வெப்பத்தை இழந்து குளிர்ந்தே வெளிவரும். இது பழுதன்று, கொழுந்து வாடுகின்றது என்பதற்கு அடையாளமாகும். கொழுந்துக்குக் கீழே, விசிறியை அடுத்துள்ள வெளியில் வெப்பமானிகளை வைத்துப் பார்க்க. உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையே ஏறத்தாழ 4 பாகை செல்சியசு வேறுபாடு இருப்பின் அமையும். ஒரு தொழிற்சாலையில் அரைநாள் அடுப்பைத் துப்புரவு செய்தோம். ஈரக்குமிழின் திரி காய்ந்திருந்ததே குற்றம். திரி காய்ந்தால் இரு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டும்.

அவ்விடத்துங் காற்றுக் குளிர்ந்திருப்பின், வெளிக்காற்றுக் கதவு அளவுக்கு மீறித் திறந்துள்ளதா என்று முதலிற் பார்க்க. அடுத்து, குழாய் இணைப்புக்களின் அருகே புகையும் ஊதுவத்தியைப் பிடிக்க. அது விசிறி இழுக்கும் பக்கமாதலால், வெடிப்புள்ள இடத்திற் புகை உள்ளே இழுபடும். ஈர விறகும், அடுப்புக் குழாய்களிற் படிந்த கரியும் ஏனைய காரணங்கள்.

விசிறிக்கு இன்வெட்டர் பொருத்தியோர் வேகத்தைக் குறைத்தால் காற்றின் சூடு உயரும். ஆயினும் நனைந்த கொழுந்துக்குக் காற்று மிகுதியாக வேண்டுமாதலால் இதனை முதல் வழியாகக் கொள்ளற்க. சூடு 35 பாகைக்கு மேற் செல்லின் கொழுந்து சிவக்கும்; பெண்கள் மழையில் நின்று பறித்த ஒருநாட் கொழுந்து தரங்கெடும். வெளிக்காற்றே போதியளவு உலர்ந்துள்ள நாளிற் சூடு வேண்டுவதில்லை.