தறிக்குழியும் வாடகை வீடும்

சொந்த வீடில்லாதவர் எந்த ஊரிலும் கஷ்டப்படுவர். ஆயினும் சொந்த வீடில்லாத நெசவாளியின் கஷ்டம் தனி வகையைச் சேர்ந்தது. உத்தியோகஸ்தர் வீடு மாற வேண்டுமானால் பெட்டி படுக்கைகளை வண்டியில் ஏற்றினால் போதும். குழித்தறியில் நெய்பவரோ தரையைத் தோண்டி, குழியில் காலை இறக்கி, மிதி மிதித்துத் தொழில் செய்பவர். தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏற்றக் கூரை உயரமாயிருக்க வேண்டும். குழி தோண்ட வீட்டுக்காரர் இசைய வேண்டும். காலி செய்கையில் அதை மூட வேண்டும். புது வீட்டில் மறுபடியும் தோண்ட வேண்டும். அதுவரை தறி ஓடாது. தறி ஓடாவிடில் அடுப்பு எரியாது.

ஆரணி வட்டாரத்துத் தேவிகாபுரம் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே பெரியநாயகி அம்மன் கோயிலும், குன்றின் மேல் கனககிரீசுவரர் கோயிலும் விளங்குகின்றன. தொண்டை மண்டலத்துக் கோயில் ஊர்கள் பலவற்றில், விஜயநகர காலத்தில் நெசவாளரை வரவழைத்து, கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத்தில் குடியேற்றி, வரியிலும் சலுகை அளித்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. திட்டமிட்டுக் குடியிருப்பு அமைப்பது மேனாட்டார் கற்பித்த வித்தை அன்று. தொழிலாளியை அழைத்தவர்கள் அவன் குடியிருக்க இடத்தையும் யோசித்தே அழைத்தார்கள்.

மேனாட்டிலும் இக்கருத்து வேறோர் உருவில் எழுந்தது. பார்லிமெண்டில் சுருக்கெழுத்தாளராயிருந்த எபனேசர் ஹோவர்டு என்பவர் 1898-ல் தோட்ட நகர யோசனையை வெளியிட்டார். நிலம் ஊருக்குப் பொதுவாயிருக்க வேண்டும். குடியிருப்போர் வாடகை செலுத்த வேண்டும். ஊர் வளர்வதால் நிலமதிப்பில் ஏற்படும் லாபம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். இதன்படி லண்டனுக்கு வடக்கே 1903-ல் லெட்ச்வொர்த் நகரம் தொடங்கப்பட்டது. பங்குதாரருக்கு 100-க்கு 5-க்கு மேல் லாபம் இல்லையென விதித்தார்கள். எனினும் பிற்காலத்தில் வெளியார் பங்குகளை வாங்கி ஊரையே கைப்பற்ற முயன்றபோது, 1962-ல் தனிச் சட்டம் செய்தே அதைக் காக்க நேர்ந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அதற்குச் சட்டத்தின் வேலியும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

நமது சென்னையில் 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் திருத்தி ஒரு புதுநகர் அமைத்தார்கள். நெசவாளர் மரபில் வந்தவரும், நெசவுச் சாலை நடத்தியவருமான தியாகராயச் செட்டியாரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. வீதிகளும் பூங்காவும் அழகாய் வகுக்கப்பட்டன. ஆனால் மனைகள் விற்கப்பட்டன. விலை ஏறியபோது லாபம் மனைக்குரியவரையே சேர்ந்தது. வாடகைக்கு இருப்பவருக்குக் கிடைத்தது வாடகை உயர்வுதான். நெசவாளி மரபினர் ஒருவரின் பெயர் தாங்கிய நகரில் ஏழை நெசவாளி ஒருவர் இன்று வாடகைக்கு வீடு பிடிக்க முடியுமா என்று நாம் கேட்கிறோம்.

நெசவாளருக்குச் சொந்த வீடே கட்டிக் கொடுத்துவிடலாமே என்பர் சிலர். நல்லதே. ஆனால் கொடுத்த வீடு கடனுக்கு விற்கப்பட்டால், அடுத்த தலைமுறை மறுபடியும் பிறர் வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும். ஆகவே தேவிகாபுரம் போன்ற நெசவூர்களில், கூட்டுறவுச் சங்கமோ பஞ்சாயத்தோ நிலத்தைத் தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு, தறிக்கூடத்துடன் கூடிய வீடுகளைக் கட்டி, நியாயமான வாடகைக்கு விட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மழைநீர் குழியில் ஊறாதபடி தரை உயர்ந்திருக்க வேண்டும். விடியற்காலையில் பாவு விரித்து வேலை செய்ய நேரான வீதியும் மர நிழலும் வேண்டும். வாடகையில் மிஞ்சுவது அவ்வீதிக்கும் சாக்கடைக்குமே செலவாக வேண்டும்.

அது நிறைவேறும் வரை, வீட்டுக்காரர்களும் வாடகைதாரர்களும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் ஒரு ஷரத்து சேர்க்கப்படட்டும். தறியில் ஏற்றிய பாவு நெய்து முடியும் வரை எந்த நெசவாளியையும் வெளியேற்றலாகாது. பாதி நெய்த பாவை அறுத்தெடுப்பது சேலைக்கு மட்டும் நஷ்டமன்று. ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பையும் அறுப்பதாகும். இதற்குச் சர்க்கார் பணம் வேண்டாம். ஊர்ப் பெரியோர் கூடி முடிவு செய்தால் போதும். பட்டின் புகழைப் பேசுவோர் முதலில் இதைச் செய்து காட்டுவார்களாக!