கொசுவுக்கு மருந்து பழகுமா?

"கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்பது சென்னை வடபழனியில் கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி வந்துபோன மாலைகளில் கேட்கும் பேச்சு. எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகுவதில்லை. சில வாரமே வாழும் கொசு பிறந்தபடியே சாகிறது. மாறுவது கொசுக் கூட்டம். இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் போன்ற தேங்கிய சாக்கடை நீர் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தாய்வீடு. பெண் கொசு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சின்னப் படகு போல ஒட்டி மிதக்கவிடும். சென்னை வெயிலில் பத்து நாள் போதும், முட்டை கொசுவாகிவிடும். இத்தனை பிறப்பில் எங்கேனும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகும். பெரும்பாலும் அதனால் பயன் இராது. மருந்து அடிக்கும் ஊரில் சில பிசகுகள் உயிர் காக்கும்.

டி.டி.டி. என்ற பூச்சி மருந்து, நரம்பிலுள்ள சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடிக்க, கொசு கால்களை உதறிச் சாகும். அந்த வாசலின் புரதத்தில் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எழுத்துப் பிசகால் அங்கே ஃபீனைல்அலனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்தால் மருந்துக்குப் பிடி கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கொசுக்களில் 10 மட்டும் இப்படிப்பட்டவை. மருந்து மற்றவற்றில் பத்தில் ஒன்பதைக் கொல்கிறது. முதல் முறை அடித்ததும் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது நூற்றில் ஒன்றாகும். இரண்டாம் முறைக்குப் பின் ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று. மூன்றாம் முறைக்குப் பின் பாதி. மரபின் மற்ற சிக்கல்களை ஒதுக்கிய எளிய கணக்கு இது. ஆனால் போக்கு இதுவே. மருந்து எந்தக் கொசுவுக்கும் வலிமை தரவில்லை, வலிமையற்றவற்றை அகற்றி இடம் ஒழித்துக் கொடுத்தது.

கொசுவத்தியிலும் லிக்விடிலும் உள்ள பைரித்ராய்டு, சாமந்தி இனப் பூவின் நஞ்சைப் பார்த்துச் செய்தது. அதுவும் அதே சோடியம் வாசலைத்தான் பிடிக்கிறது. ஆகவே டி.டி.டி.க்குத் தப்பும் மரபணு இதற்கும் தப்ப உதவுகிறது.

வேறு வழியும் உண்டு. சில கியூலெக்ஸ் கொசுக்களில் வேறு சில மருந்துகளைக் கட்டிப்போட்டுச் சிதைக்கும் எஸ்டரேஸ் நொதியின் மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறது. இவற்றுள் ஒரு வகை ஒரே முறை தோன்றி, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா எனப் பரவியதை 1991இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

தற்காப்புக்கு விலையும் உண்டு. மருந்தில்லாத இடத்தில் இத்தகைய கொசு பல நேரம் சாதாரணக் கொசுவிடம் தோற்கிறது. மருந்தை நிறுத்தினால் கூட்டத்தில் அதன் பங்கு மெல்லக் குறையலாம். முற்றாக மறைவது அரிது. அதே மருந்தை மறுபடி கையில் எடுக்கும்போது எதிர்ப்பு முன்னைவிட விரைவாகத் திரும்புவது அதனால்தான்.