மரத்தை வணங்குதலும் மரத்தைப் பேணுதலும்

ஓர் ஆலயத்துக்குச் சிறப்புத் தருவன மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் என்பர் பெரியோர். தலத்தின் பெருமையைக் கூறும்போது அங்குள்ள தல விருட்சத்தையும் உடன் கூறுவது மரபு. திருவானைக்காவில் வெண்ணாவல், திருவண்ணாமலையில் மகிழ், காஞ்சி ஏகாம்பரத்தில் மா, திருநெல்வேலியில் மூங்கில், ஈழத்துத் திருக்கேதீச்சரத்தில் வன்னி என இவ்வரிசை நீளும். திருக்குற்றாலத்துக்கு மேலும் ஒரு பெருமை உண்டு. அத்தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், அங்குள்ள குறும்பலாவுக்கும் தனியே ஒரு பதிகம் அருளிச்செய்தார்.

இவ்வாறு மரத்தைத் தெய்வமாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆயினும் மரத்தை வணங்குதல் வேறு, பேணுதல் வேறு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது தில்லை மரம். உப்பங்கழிச் சேற்றில் வளரும் இம்மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைச் சிறிது காலம் மறைத்துவிடக்கூடியது. இன்று அம்மரத்தைக் காடாகக் காண விரும்புவோர் நகரை விட்டுப் பிச்சாவரம் கழிமுகத்துக்குச் செல்லவேண்டும். கடம்பவனம் எனப்பட்ட மதுரையிலும், பட்டுப்போன பழைய கடம்பின் அடிமரமே கோயிலுள் காக்கப்படுகிறது. பெயரும் வழிபாடும் நிலைத்தன, காடு நிலைக்கவில்லை.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறை அன்று. நாம் குடியேறி வாழும் பிரித்தானியாவிலும் தல விருட்சம் போன்ற ஒன்று உண்டு. பழைய கிறித்தவ ஆலய முற்றங்களில், கருமை கலந்த பச்சை இலைகளுடன் நிற்கும் யூ மரமே அது. சில ஊர்களில் ஆலயக் கட்டடத்தைவிட மரமே மூத்தது. ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயர் பகுதியில் ஃபோர்ட்டிங்கல் என்னும் சிற்றூரின் ஆலய முற்றத்தில் நிற்கும் யூ மரம், பிரித்தானியாவின் மிகப் பழைய மரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1769இல் தோமஸ் பெனன்ட் என்னும் அறிஞர் அதன் அடிமரத்தை அளந்தபோது சுற்றளவு 56 அடிக்கும் மேல் இருந்தது. இன்று அந்த அடிமரம் முழுமையாக இல்லை. பிரிந்த சில தண்டுகளே நிற்கின்றன.

அம்மரத்தைக் குறைத்தவர்கள் அதன் பகைவர்கள் அல்லர். அதைக் காண ஆசையோடு வந்தவர்களே நினைவுப் பொருளாகத் துண்டு துண்டாக வெட்டிச் சென்றனர். அடியில் தீ மூட்டியதும் கேடு செய்தது. பின்னர் சுற்றிலும் மதில் எழுப்பிக் காக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு காத்தும், பார்வையாளர் சிறு கிளைகளை ஒடிப்பதாலும் நாடாக்களைக் கட்டுவதாலும் மரம் நலிகிறது என்ற கவலை 2019இலும் எழுந்தது. இத்தனைக்கும் இடையே அம்மரம் உயிர்த்துடிப்போடு இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் கிடைத்தது. யூவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஃபோர்ட்டிங்கல் மரம் ஆண் என்றே அறியப்பட்டது. 2015இல் அதன் ஒரு கிளையில் மட்டும் மூன்று செந்நிறக் கனிகள் காணப்பட்டன. அர்த்தநாரீசுவரரை அறிந்த நமக்கு இது ஒரு விந்தையான காட்சியே.

அன்பினாற் செய்யும் சிறு காயம் மரத்துக்கு ஏன் பெரிதாகிறது என்பதை மரத்தின் உடலமைப்பைக் கொண்டு அறியலாம். முதிர்ந்த மரத்தின் நடுத்தண்டு பெரும்பாலும் உயிரற்ற கட்டையே. உயிர் ஓடுவது பட்டையை அடுத்த மெல்லிய பகுதியில்தான். இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உட்புறத்து வழியாக வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சும் நீர் அதற்கு உள்ளே இருக்கும் வெளிக்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. ஆதலால் அடிமரத்தைச் சுற்றிக் கம்பியையோ கயிற்றையோ இறுகக் கட்டிவிட்டால், மரம் பருக்கும்போது அக்கட்டு குரல்வளையை நெரிப்பது போல் நெரித்துவிடும். வேர் பட்டினி கிடந்து மெல்ல இறக்கும்.

மேலும், மனித உடலிற் காயம் பட்டால் அவ்விடத்துத் திசு புதிதாக உண்டாகி ஆறுகிறது. மரத்துக்கு அவ்வாற்றல் இல்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, கேடு பரவாமல் அடைத்து வைக்கிறது. அதன்மேல் புதிய கட்டையை வளர்த்து மூடுகிறது. அலெக்ஸ் ஷைகோ என்னும் அமெரிக்க மரவியல் அறிஞர் 1970களில் இதனை விளக்கினார். ஆகவே அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் மரத்தின் உள்ளே என்றும் இருக்கும் காயம். பல காயங்கள் சேர்ந்தால் பூஞ்சணம் நுழைய வழி கிடைக்கும்.

அறிவோடு செய்யும் சிகிச்சை மரத்தை எவ்வாறு காக்கும் என்பதற்குக் கல்கத்தாவுக்கு அருகே ஹௌராவிலுள்ள தாவரவியல் தோட்டத்துப் பேராலமரம் சான்று. 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் அதன் அடிமரம் காயமுற்றது. காலப்போக்கில் பூஞ்சணம் பற்றி அழுகியது. அழுகல் பரவாதிருக்க 1925இல் நடுத்தண்டையே வெட்டி அகற்றினர். நோயுற்ற உறுப்பை நீக்கி உயிரைக் காக்கும் சத்திர சிகிச்சை போன்றது இது. ஆயிரக்கணக்கான விழுதுகளை ஊன்றிக்கொண்டு அம்மரம் நடுத்தண்டு இன்றியே நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இனி, ஆலய வளவிலோ வீட்டிலோ மரம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மின்விளக்கு, அறிவிப்புப் பலகை, தோரணம் முதலியவற்றுக்காக மரத்தில் ஆணி அடித்தல் கூடாது. நேர்த்திக்காகக் கட்டும் நூலைத் தளர்வாகக் கட்டிச் சில நாளில் அவிழ்த்துவிட வேண்டும். மரத்தருகே ஒரு கம்பத்தை நட்டு அதிற் கட்டுவது இன்னும் நன்று. கற்பூரத்தையும் அகலையும் அடிமரத்தை ஒட்டி ஏற்றாமல், சற்றுத் தள்ளி ஒரு கல்லின்மேல் ஏற்றலாம். சுற்றி மேடை கட்டிச் சீமெந்து பூசுதல் பெருந்தீங்கு. மரத்தின் உறிஞ்சு வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் நிழலுக்கும் அப்பால் பரந்திருக்கின்றன. அவற்றுக்கு நீர் வேண்டுவதுபோல் காற்றும் வேண்டும். கிளையைத் தறிக்க நேர்ந்தால், அது தண்டோடு சேருமிடத்திற் புடைத்திருக்கும் வளையத்தை விட்டு அதன் வெளியே வெட்டவேண்டும்.

யூ மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். அதன் செந்நிறச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகள் கனியைப் பறித்து விதையோடு உண்ணாமற் காக்கவேண்டும். ஆனால் இந்த நச்சு மரத்தின் இனமே மருந்தும் தந்தது. அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து 1960களில் பாக்லிடாக்சல் பிரித்தெடுக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இன்றும் அது வழங்கப்படுகிறது. பட்டையை உரித்தால் மரம் மடியும். பின்னர், ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு அம்மருந்தைச் செய்யும் வழி கண்டறியப்பட்டது. பறித்த இலை மீண்டும் தளிர்க்கும். மரத்தைக் கொல்லாமல் அதன் பயனைப் பெறலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்நாட்டில் நம் கோயில்களிற் சில பழைய கிறித்தவ ஆலயக் கட்டடங்களில் அமைந்தவை. கட்டடத்தோடு அதன் மரங்களும் நம் பொறுப்புக்கு வருகின்றன. அடியார் கூட்டம் பெருகும்போது வாகனத் தரிப்பிடத்தைப் பெருப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. முதலிற் கண்ணிற் படுவது மூலையில் நிற்கும் மரம். இங்கிலாந்தில், பாதுகாப்பு ஆணை விதிக்கப்பட்ட மரத்தைக் கவுன்சிலின் அனுமதியின்றி வெட்டுவதோ வேரைச் சிதைப்பதோ குற்றம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், ஆணை இல்லாத மரமாயினும் அடிமரம் 7.5 சென்ரிமீற்றருக்கு மேற் பருத்ததாயின் ஆறு வாரம் முன்னரே அறிவித்தல் வேண்டும். ஆனால் சட்டம் தடுப்பதற்காக மட்டும் நாம் மரத்தை விட்டுவைத்தால் அது நமக்குப் பெருமை ஆகாது. ஐந்து வாகனங்களுக்கு இடம் தேடி நூறாண்டு மரத்தை இழக்கும் சபை, அடுத்த தலைமுறையின் தல விருட்சத்தை இழக்கிறது.

ஊரிலிருந்து வில்வக் கன்றைப் பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் பழக்கமும் இத்தகைய தவறான அன்பே. தாவர நலச் சான்றிதழ் இன்றிக் கன்றுகளைக் கொண்டுவருதல் சட்டத்துக்கு மாறானது. அதனினும் பெரியது நோயின் ஆபத்து. ஆஷ் மரங்களை வாட்டும் பூஞ்சண நோய் பிரித்தானியாவில் 2012இற் கண்டறியப்பட்டது. இறக்குமதியான கன்றுகளோடும் அது இந்நாட்டுக்கு வந்தது. சிறு கன்றில் ஒளிந்திருக்கும் நோய் ஒரு நாட்டின் காட்டையே அழிக்கவல்லது. வில்வம் இங்குள்ள குளிரிலும் பனியிலும் வெளியே வாழாது. முறைப்படி பெற்ற கன்றைத் தொட்டியில் வைத்து, வெயில் படும் சன்னலருகே வளர்க்கலாம்.

புதிய மரம் நட விரும்புவோர் இம்மண்ணுக்கு ஏற்ற ஓக், றோவன் போன்றவற்றை இலையுதிர்ந்த குளிர்காலத்தில் நடுதல் நலம். விழா எடுத்து நடுவது எளிது. நட்ட பின் முதல் இரண்டு மூன்று கோடையிலும் வாரந்தோறும் நீர் ஊற்றுவதற்கும், தாங்கு கம்பத்தின் கட்டைப் பருவந்தோறும் தளர்த்துவதற்கும் ஒருவர் வேண்டும். கோயிலில் விளக்கேற்றும் முறை வைத்திருப்பதுபோல், மரத்துக்கு நீர் ஊற்றும் முறையும் வைத்து அதனை இளைஞர் கையில் ஒப்படைக்கலாம். அதுவும் திருப்பணியே.